ஆறு மாத ரொபோ வகுப்பு: காசு கட்டியவன் சொல்கிறேன்

திருகோணமலை நகரத்தில் சனிக்கிழமை காலையில் நடக்கும் ரொபோ வகுப்பு ஒன்றுக்கு ஆறு மாதமாக இரண்டு பிள்ளைகளை அனுப்பினேன். ஒன்று என் மகள், தரம் 8. மற்றது பக்கத்து வளவுப் பையன், தரம் 7. வகுப்பின் பெயரை எழுதவில்லை. ஊர் சின்னது. படிப்பிக்கிற தம்பி நல்ல பிள்ளை. அவருடைய சோற்றில் மண் போட எனக்கு மனமில்லை. ஆனால் காசு கட்டியவன் நான். அடுத்துக் கட்டப் போகிறவர்களிடம் சில விஷயங்களைச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

நான் திருக்கடலூர்ப் பக்கம் படகு எஞ்சின் திருத்துகிறவன். பதினெட்டு வருடமாக இதே தொழில். கார்புரேட்டரைக் கழற்றித் துடைக்கிற கையோடுதான் இந்த ரொபோப் பெட்டியையும் திறந்தேன். அதனால் முதலில் பெட்டி.

விலை 18,500 ரூபாய். வகுப்புக் காசு மாதம் 4,500, அது தனி. இரண்டு பிள்ளைக்கும் இரண்டு பெட்டி வேண்டும் என்றார்கள். கெஞ்சி ஒரு பெட்டியாக்கினேன். உள்ளே ஓர் ஆர்டுயினோ உனோ போர்ட் (நிரல் ஏற்றினால் மற்றச் சாமான்களை இயக்குகிற சின்னக் கணினிப் பலகை; சீனப் பிரதிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை), ஈயம் பற்றாமல் வயர் குத்துகிற பிரெட்போர்ட், ஜம்பர் வயர் ஒரு கட்டு, எல்.ஈ.டி., ரெசிஸ்டர், தூரம் அளக்கிற மீயொலி சென்சர், மஞ்சள் கியர் மோட்டர் இரண்டு, அதை ஓட்ட ஒரு எல்298என் டிரைவர், சில்லு, 9 வோல்ட் பற்றறிக்கு ஒரு கவ்வி. எல்லாம் பூட்டினால் ஒரு சின்னக் கார். சென்சர் அசத்தல். 2 சென்ரிமீற்றரிலிருந்து 4 மீற்றர் வரை என்று போட்டிருக்கிறது. மூன்று மீற்றர் வரை என் அடிக்கோலோடு ஒத்துப்போனது.

பற்றறி விஷயம்தான் மோசம். அந்தச் சதுர 9 வோல்ட் பற்றறி இரண்டு மோட்டரை இழுக்கிற சாமான் இல்லை. அதோடு அந்த டிரைவருக்குள்ளேயே இரண்டு வோல்ட் அளவு சூடாகிக் கரைந்துவிடும். பத்து நிமிடத்தில் கார் முடவன் மாதிரி இழுக்கும். பிள்ளைகள் தாங்கள் எழுதிய நிரலில்தான் பிழை என்று நினைத்து அதைத் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருப்பார்கள். முதல் மாதம் முழுக்க அரைவாசி வகுப்பு இப்படித்தான் போனது. இரண்டு லித்தியம் செல் போடுகிற பிடி ஒன்றை வாங்கிப் பூட்டினேன், பிரச்சினை முடிந்தது. 18,500 வாங்குகிறவர்கள் அதை முதலே போட்டுக் கொடுத்திருக்கலாம்.

இனி வகுப்பு. மாடியில் ஒரே அறை. இருபத்திரண்டு பிள்ளைகள், அதில் பெண் பிள்ளைகள் ஐந்து. மின்விசிறி இரண்டு, ஒன்று சுற்றும். கீழே சைக்கிள் விட இடம் உண்டு, ஆனால் நகரத்துக்குள் திரிகிற மான்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் பிள்ளைகள் கோடு தொடரும் காருக்காகக் காட்போட் மட்டையில் கறுப்பு ரேப் ஒட்டிச் செய்த பாதையைப் படிக்கட்டடியில் காய வைத்தார்கள். பத்து மணிக்குப் போய்ப் பார்த்தால் பாதையின் ஒரு வளைவு மானின் வயிற்றில். படிப்பிக்கிற சேர் சிரித்துக்கொண்டே அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்தார். அவரிடம் பொறுமை இருக்கிறது, அதற்கு முழுப் புள்ளி.

லெப்டொப் வகுப்பில் இல்லை. பிள்ளைகள்தான் கொண்டுவர வேண்டும். இருபத்திரண்டு பேரில் ஒன்பது பேரிடம் இருந்தது. இருக்கிறவர்கள் முன் மேசை. இல்லாதவர்கள் பின் வாங்கில் இருந்து எட்டிப் பார்க்க வேண்டும். யாரும் சொல்லி அப்படி இருக்கவில்லை, தானாக அப்படி ஆனது. கையேடு முழுக்க ஆங்கிலம். சேர் தமிழில்தான் விளங்கப்படுத்துவார், ஆனால் வீட்டுக்கு வந்து புரட்டிப் பார்க்க ஆங்கிலம் வேண்டும். மகளுக்கு ஓரளவு சமாளிக்கலாம். பையனுக்கு முடியாது.

பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனுடைய தாய் வழி புத்தளம் சிராம்பியடி. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் காலங்களில் ஆபிரிக்காவிலிருந்து படை வேலைக்கும் அடிமை வேலைக்கும் கொண்டுவரப்பட்ட ஆட்களின் சந்ததி. அவனுடைய அம்மம்மா பாடுகிற பாட்டில் இன்னும் போர்த்துக்கேயச் சொல் இருக்கிறது. தகப்பன் இல்லை, தாய் ஒரு விருந்தினர் விடுதியில் துணி தோய்க்கிறா. பையன் பள்ளி விட்டால் நேரே என் பட்டறைக்குத்தான். பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்த்தே எண்ணெய் கூடுதலா குறைவா என்று சொல்லுவான். பதினொரு வயதில் சொன்னான். அதனால்தான் அவனுடைய காசையும் நான் கட்டினேன். தருமம் என்று நினைக்காதீர்கள், நாளைக்கு எனக்கு ஆள் வேண்டும்.

முதல் நாளே முன் மேசைப் பிள்ளைகள் அவனுக்குப் பேர் வைத்துவிட்டார்கள். "காப்பிரி". அவனுடைய ஆட்கள் தங்களைச் சொல்லுகிற பேரும் அதுதான், அம்மம்மா பெருமையாகவே சொல்லுவா. ஆனால் அதே சொல்லை மாடிப்படியில் பின்னாலிருந்து கத்தினால் அது வேறு சொல். சேருக்குக் கேட்டிருக்கும். ஒன்றும் சொல்லவில்லை.

அவன் முதலில் தடுமாறியது மறை எண்ணில். மோட்டரின் வேகத்தை –255 முதல் 255 வரை கொடுக்கலாம் என்று சேர் ஒரு நிரல் எழுதிக் கொடுத்திருந்தார். "வேகம் எப்பிடி மாமா சைபருக்குக் கீழ போகும்?" என்று கேட்டான். பள்ளியில் மறை எண் படித்திருக்கிறான், பரீட்சையில் கழித்தும் இருக்கிறான், விளங்கவில்லை. நான் ஒரு பழைய 15 குதிரைவலு எஞ்சினின் கியர்த் தடியைக் கையில் கொடுத்தேன். முன்னுக்குத் தள்ளினால் படகு முன்னால். நடுவில் விட்டால் எஞ்சின் ஓடும், படகு நிற்கும். பின்னுக்கு இழுத்தால் பின்னால். "நடுதான் சைபர்" என்றேன். ஐந்து நிமிடம் ஆகவில்லை. அடுத்த சனி பின் வாங்கிலிருந்து முன் மேசைப் பிள்ளை ஒன்றின் காரைத் திருத்திக் கொடுத்திருக்கிறான். மகள் வந்து சொன்னாள்.

இந்தக் கதையைக் கனடா ஸ்காபரோவில் இருக்கிற என் அக்காவின் மகனுக்கு, அதாவது மருமகனுக்கு, போனில் சொன்னேன். அவன் அங்கே பொறியியல் படிக்கிறவன். "மாமா, நீங்க செய்ததை ஒருத்தர் அமெரிக்காவில செய்தவர்" என்று பொப் மோசஸ் என்ற மனிதரைப் பற்றிச் சொன்னான். 1960களில் மிசிசிப்பியில் கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிய அலைந்தவர். அடி வாங்கினார், சிறை போனார். 1982இல், மாசச்சூசெட்ஸ் மாநிலத்து கேம்பிரிட்ஜில், தன் மகள் போன பள்ளியில் அட்சரகணிதம் (அல்ஜிப்ரா) இல்லையென்று தானே வகுப்புக்குள் போய் அவளுக்கும் இன்னும் சில பிள்ளைகளுக்கும் படிப்பித்தார். அட்சரகணிதம் தெரியாவிட்டால் மேல் வகுப்பில் கணிதமும் விஞ்ஞானமும் கிடையாது. அந்த வாசலிலேயே கறுப்பினப் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள் என்பது அவர் கண்டது. அப்புறம் பொஸ்டனின் ரயில் பாதையைக் கொண்டு மறை எண் சொல்லிக் கொடுத்தார். ஒரு நிலையம் சைபர். அதிலிருந்து ஒரு பக்கம் போனால் கூட்டல், எதிர்ப்பக்கம் கழித்தல். பிள்ளைகளை ரயிலில் ஏற்றி இறக்கி, பார்த்ததைச் சொல்லச் சொல்லி, வரையச் சொல்லி, கடைசியில்தான் குறியீடு. வாக்குரிமைக்கு எப்படிச் சண்டை போட்டாரோ அப்படியே கணிதத்துக்கும் என்று அவருடைய கணக்கு. அவர் 2021இல் இறந்துவிட்டார். என்னுடையது கியர்த் தடி, அவ்வளவுதான்.

நான்காம் மாதம் வந்தது கமரா. முகத்தைக் கண்டுபிடித்துத் திரையில் அதைச் சுற்றிப் பச்சைப் பெட்டி போடும் ஒரு சின்னக் கமராப் பலகை. பெற்றோரையும் கூப்பிட்டிருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையாக முன்னால் போய் நின்றது, பெட்டி விழுந்தது, கைதட்டல். பையன் நின்றான். பெட்டி விழவில்லை. "கொஞ்சம் பின்னுக்கு நில்லுங்கோ." இல்லை. "நிமிர்ந்து பாருங்கோ." இல்லை. "வெளிச்சம் காணாது போல" என்று சேர் சொல்ல, முன் மேசையில் ஒன்று "சேர், அவன் சிரிக்க வேணும், பல்லுத் தெரிஞ்சாத்தான் தெரியும்" என்றது. அறை சிரித்தது. சிரித்தவர்கள் எல்லாம் என்ன பாலில் குளித்தவர்களா? வெயிலிலும் உப்பிலும் வெந்த ஆட்கள்தான். நான் எழும்பிப் போய் நின்றேன். எனக்குப் பெட்டி விழுந்தது, போனது, விழுந்தது, போனது. கெட்டுப்போன டியூப் லைற் மாதிரி. அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

என் தொழில் பழக்கம், ஒரு காரணத்தோடு நிற்க மாட்டேன். பின்னால் யன்னல் இருந்தது, எதிர்வெளிச்சம். யன்னலைச் சாத்திப் பார்த்தோம். எனக்குப் பெட்டி நிலைத்தது. பையனுக்கு அப்போதும் விட்டு விட்டுத்தான். கமராவும் மலிவு. ஆனால் எல்லாம் கழித்த பிறகும் மிச்சம் ஒன்று இருந்தது.

அந்த மிச்சத்தைத்தான் ஜோய் பூலம்வினி என்ற பெண் பிடித்திருக்கிறா. கானா நாட்டு வழி வந்தவ, அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஆய்வு செய்தவ. அவவுடைய முகத்தையும் மென்பொருள் காணவில்லை. ஒரு வெள்ளை முகமூடியைப் போட்டதும் கண்டதாம். 2018இல் டிம்னிட் கெப்ரு என்ற இன்னோர் ஆய்வாளரோடு சேர்ந்து, முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லுகிற மூன்று பெரிய நிறுவன மென்பொருட்களைச் சோதித்தா. வெளிர் நிற ஆண்களில் பிழை ஆகக் கூடியது 0.8 வீதம். கருமை நிறப் பெண்களில் 34.7 வீதம் வரை. இயந்திரத்தைப் பழக்கக் காட்டிய படங்களில் பெரும்பாலும் எந்த முகம் இருந்ததோ அந்த முகம்தான் அதற்கு முகம். இதைச் செய்யும் மேசைகளில் பையனைப் போன்ற ஒருவர் இருந்திருந்தால் முதல் நாளே கண்டிருப்பார். ஏனென்றால் முதல் நாளே அது அவரைக் கண்டிருக்காது. வகுப்பில் இதை ஒரு அரை மணித்தியாலம் பேசியிருந்தால் அது அந்த ஆறு மாதத்திலேயே நல்ல பாடமாக இருந்திருக்கும். சேர் கமராவை மடித்து வைத்துவிட்டு எல்.ஈ.டி.க்குத் திரும்பிவிட்டார்.

ஆறாம் மாதம் "மேல்நிலைக் குழு" தெரிவு. போட்டிகளுக்குக் கொழும்பு போகிற குழு. எட்டுப் பேர். காரை யார் நன்றாக ஓட்டினார்கள் என்று பார்ப்பார்கள் என நினைத்தேன். கேட்டது மூன்று: பள்ளித் தவணைப் புள்ளி, ஆங்கிலத்தில் ஐந்து நிமிடப் பேச்சு, வீட்டில் லெப்டொப் உண்டா. மகள் தெரிவானாள். அவளுடைய காரின் மோட்டர் டிரைவர் எரிந்தபோது கண்டுபிடித்து மாற்றியவன் தெரிவாகவில்லை. இதை மகளே சேரிடம் சொல்லியிருக்கிறாள். நான் போய்க் கேட்டேன். சேர் என்னை நோகடிக்க நினைத்துச் சொல்லவில்லை, உண்மையான அக்கறையோடுதான் சொன்னார்:

"அண்ணா, இவனுக்குக் கைவேலை நல்லா வரும். தியரி கஷ்டம். ஓ எல் முடிய என்.வி.கியூ. பக்கம் விட்டுவிடுங்கோ, உங்களை மாதிரி வந்திருவான்."

என்.வி.கியூ. என்றால் தொழிற்பயிற்சித் தகைமை. என்னிடமும் என்.வி.கியூ. 4 சான்றிதழ் இருக்கிறது. பட்டறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். கைவேலை கேவலம் என்று என்னை வைத்துக்கொண்டு ஒருவரும் சொல்ல முடியாது. ஆனாலும் அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளைக்கு எது கஷ்டம் என்று யார் அளந்தார்கள்? ஆங்கிலத்தில் பேசச் சொல்லித்தானே அளந்தார்கள். அளவுகோலே கோணல். நான் சிலிண்டர் துளையை அடிக்கோலால் அளந்துவிட்டு எஞ்சின் சரியில்லை என்று சொன்னால் யாராவது காசு தருவார்களா?

அக்காவுக்குப் போன் எடுத்தேன். அவ அங்கே ஒரு பள்ளியில் மதிய உணவு நேரம் பிள்ளைகளைப் பார்க்கிறவ. நான் முடிக்க முன்னமே, "தம்பி, இதைத்தானே இங்க அப்ளைட் எண்டு சொன்னவங்கள்" என்றா. அவர்களுடைய ஒன்ராறியோ மாகாணத்தில் முந்தி ஒன்பதாம் வகுப்புக்குள் போகும்போதே பிள்ளையை "அகடமிக்" (ஏட்டுப் படிப்பு) அல்லது "அப்ளைட்" (செய்முறைப் படிப்பு) என்று பிரிப்பார்களாம். அப்ளைட்டில் விழுந்தால் பல்கலைக்கழகப் பொறியியலுக்கு வேண்டிய கணிதத்துக்கும் பௌதிகத்துக்கும் போகிற பாதை அநேகமாக அடைபட்டுவிடும். யோர்க் பல்கலைக்கழகத்தின் கார்ல் ஜேம்ஸ் 2017இல் வெளியிட்ட அறிக்கையில் ரொறன்ரோ பள்ளிகளின் கணக்கு இருக்கிறது: அகடமிக்கில் இருந்தவர்கள் வெள்ளையினப் பிள்ளைகளில் 81 வீதம், எங்களுடைய பிள்ளைகளையும் சேர்த்த மற்ற நிறத்தவரில் 80 வீதம், கறுப்பினப் பிள்ளைகளில் 53 வீதம். மருமகனோடு எட்டாம் வகுப்பு வரை ஒன்றாகப் படித்த யமேக்காக் குடும்பத்துப் பையன் ஒருவன், கணிதத்தில் இவனை விடக் கெட்டிக்காரன், அப்ளைட்டுக்குப் போனான். வழிகாட்டும் ஆசிரியை அன்பாகத்தான் சொன்னாவாம்: உனக்குச் செய்முறை நல்லா வரும் என்று. அதே வார்த்தை! 2021இல் ஒன்பதாம் வகுப்புக் கணிதத்தில் அந்தப் பிரிவை மாகாண அரசு எடுத்துவிட்டது. அடுத்த வருடம் மற்றப் பாடங்களிலும். அந்தப் பையனுக்கு அது பிந்திவிட்டது.

"எங்கட ஆக்கள் அதில 80 எண்டதும் சந்தோசப்படாதை" என்று அக்கா கடைசியில் சொன்னா. "அந்தப் பிள்ளையளோட சேராதை எண்டு எங்கட வீடுகளிலயே சொல்லிச் சொல்லித்தான் வளத்தவை. நானும் ஒருக்கா சொன்னனான்."

அதைச் சொல்ல அவவுக்கு எவ்வளவு நாள் எடுத்ததோ தெரியாது. கமரா வந்த நாள் சிரிப்பு எனக்கு மறுபடி கேட்டது.

இங்கே பிரிப்பு வேறு மாதிரி, பலகையில் எழுதியே வைத்திருக்கிறார்கள். 1ஏபி பள்ளி என்றால் ஏ எல் (தரம் 13) வரை விஞ்ஞானமும் கணிதமும் உண்டு. 1சி என்றால் கலை, வர்த்தகம். வகை 2 என்றால் தரம் 11 உடன் சரி. பையன் படிப்பது வகை 2. மூதூர்ப் பக்கம், குச்சவெளிப் பக்கம் உள்ள பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், ஏ எல் கணிதப் பிரிவு படிக்க எத்தனை மணிக்கு பஸ் ஏறுகிறார்கள் என்று. அதனால்தான் இந்த மாதிரித் தனியார் வகுப்பு எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிந்தது. பள்ளி மூடிய வாசலை இது திறக்கும் என்று நினைத்தேன். பள்ளிப் புள்ளியைக் கொண்டுவா என்று இவர்களும் கேட்டால் எதற்கு 4,500?

சேரிடம் எழுத்தில் கொடுத்தேன். தெரிவு விதியைத் தான் போடவில்லை, மேலிடம் போட்டது, கேட்டுச் சொல்கிறேன் என்றார். மூன்று மாதமாகிறது. மகள் குழுவில் இருக்கிறாள். நிறுத்தட்டுமா என்று கேட்டேன், "ஏன் அப்பா, நான் படிச்சு வந்து அவனுக்குச் சொல்லிக் குடுக்கிறன்" என்றாள். விட்டுவிட்டேன்.

போகிறவர்களுக்கு ஒரு உதவி. லெப்டொப் இல்லை என்று பின்வாங்க வேண்டாம். ஆண்ட்ரொய்ட் போனிலேயே ஆர்டுயினோவுக்கு நிரல் எழுதி ஏற்றலாம், ஒரு செயலியும், போனை போர்டோடு இணைக்கிற ஓ.டி.ஜி. வயரும் போதும். வயர் முந்நூறு ரூபாய்க்குள் வாங்கினேன். ஆறு மாதம் பின் வாங்கில் பதின்மூன்று பிள்ளைகள் சும்மா இருந்தபோது இதை ஒருவரும் சொல்லவில்லை. மருமகன்தான் சொன்னான். காசு கட்ட முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: கையேடு தமிழில் உண்டா, மேல்நிலைக்கு எதை வைத்துத் தெரிவு. பதில் சரியில்லை என்றால் பேரம் பேசுங்கள்.

புள்ளி: பெட்டிக்கு ஐந்துக்கு மூன்றரை (பற்றறியை மாற்றினால் நாலரை), சேரின் பொறுமைக்கு ஐந்து, தெரிவு முறைக்கு அரை. அந்த அரையும் மகள் முகத்துக்காக.

பையன் இப்போது ஞாயிறுகளில் பட்டறையில், என் பழைய போனோடு. படகின் அடியில் தண்ணீர் ஏறினால் கத்துகிற ஒரு பெட்டி செய்திருக்கிறான். இரண்டு கம்பி, தண்ணீர் தொட்டால் பஸர் அடிக்கும். முதல் கம்பி செப்பு, ஒரே வாரத்தில் உப்புத் தண்ணீரில் பச்சை பிடித்து அரித்துப்போனது. எப்போதும் கரண்ட் ஓடுவதால்தான் அரிக்கிறது என்று அவனே பிடித்து, நிமிடத்துக்கு ஒரு வினாடி மட்டும் கரண்ட் விட்டுப் பார்க்கிற மாதிரி நிரலை மாற்றினான். கம்பியையும் துருப்பிடிக்காத உருக்குக்கு மாற்றினோம். இரண்டு மாதமாக ஒரு படகில் கிடக்கிறது. போன கிழமை இன்னொரு படகுக்காரர் வந்து, தனக்கும் ஒன்று வேண்டும், என்ன விலை என்று கேட்டார். பையன் என்னைப் பார்த்தான். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். சாமான் விலையை விரலில் கூட்டிவிட்டு, "2,800" என்றான்.

"கூலி?" என்றேன்.

"அதை மறந்திட்டன் மாமா."

3,500 என்று சொல்லி முற்பணம் வாங்கிக்கொண்டோம்.